கிரான் யார் பெயரில்?

ஊர்க் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்த இடம் நம் எல்லாருக்கும் பொதுவானது, இதை விட்டுக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிப் பார்க்கட்டும். மறுநாளே அவருக்கு வளர்ச்சிக்கு எதிரி என்று பெயர் வந்துவிடும். யாரோ ஒரு கட்சி தூண்டிவிட்டது என்பார்கள். மலாக்கா மாநிலத்தில் தமிழர் வாழும் ஊர்களில் இந்தப் பட்டத்தை வழங்குவதில் அரசு அலுவலகங்களும் நம்முடைய சொந்தச் சங்கங்களும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பொது நிலத்துக்காகப் பேசுகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தப் பழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். கூண்டில் ஏற வேண்டியவர்கள் வேறு.

பாயா ரும்புட்டையே எடுத்துக் கொள்வோம். சுங்கை ஊடாங்கிலிருந்து ஆயர் குரோ போகும் நெடுஞ்சாலையின் பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது. நெடுஞ்சாலை வந்தால் பின்னாலேயே வீடமைப்புத் தாமான் வரும், கடைவரிசை வரும். சுற்றுவட்டாரத்தில் கித்தாவும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று வீட்டுக் கூரைகள் நிற்கின்றன. வரட்டும், வீடு யாருக்கும் வேண்டாததல்ல. நாம் கேட்பது ஒன்றுதான். நிலம் கைமாறும்போது அதன்மேல் நின்ற கோயில், தமிழ்ப்பள்ளி, திடல், இடுகாடு ஆகியவற்றின் கிரான், அதாவது நில உரிமைப் பத்திரம், யார் பெயரில் எழுதப்பட்டது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்திருக்கும் ஊர்கள் மலாக்காவில் எத்தனை இருக்கும்?

மலாயாவில் வாணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிடப்பட்டது இந்த மாநிலத்தில்தான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்த வெற்றியைப் பார்த்துத் தோட்டங்கள் பெருகின, ஆள் எடுத்தார்கள், நம்மவர்கள் கப்பலேறினார்கள். லயம் கட்டியது கம்பெனி. லயத்துக்கு அப்பால் வேப்பமரத்தடியில் சூலம் நட்டவர்கள் தொழிலாளர்கள். கங்காணி பணம் பிரித்தார், துரை வாய்மொழியாகச் சம்மதம் சொன்னார், கோயில் எழுந்தது. பள்ளிக்கூடமும் அப்படித்தான், சுடுகாடும் அப்படித்தான். வாய்ச்சொல்லில் பிறந்த இவற்றுக்கெல்லாம் கம்பெனியின் கிரான்தான் கூரை. கம்பெனி தோட்டத்தை விற்ற அன்று அந்தக் கூரையும் சேர்ந்து போய்விட்டது.

இது விதி என்று கையை விரிப்பவர்களுக்குச் சொல்கிறோம், சட்டம் கையை விரிக்கவில்லை. நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை கூறுகிறது. எனவே பழியைப் புத்ராஜெயா பக்கம் தள்ளிவிட வழியில்லை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றதில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த பிரிவு அது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதென்றால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அடுத்து, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதற்கு 124-ஆவது பிரிவின்கீழ் மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசு நிபந்தனை விதிக்கலாம், பிரீமியம் வாங்கலாம், வாங்கவும் செய்கிறது. ஆக, ஒரு தோட்டம் தாமானாக மாறுவதற்குள் இரண்டு முறை அரசின் வாசலில் வந்து நிற்கிறது. அந்த இரண்டு வேளையிலும், "கோயிலடி நிலத்தையும் பள்ளி நிலத்தையும் இடுகாட்டையும் முதலில் பிரித்து ஒப்படை, பிறகு பேசலாம்" என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. பேனாவும் மனமும் இருந்தால் போதும்.

ஒப்படைக்கப்பட்ட நிலத்தைக் காப்பதற்கும் வழி இருக்கிறது. 62-ஆவது பிரிவின்படி அரசு நிலத்தைப் பொது நோக்கத்துக்கென்று ஒதுக்கிக் கெஜட்டில் வெளியிடலாம். அப்படி வெளியிட்ட நிலத்தைப் பிற்பாடு எடுக்க வேண்டுமென்றால் 64-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அறிவிப்பு வெளியிட வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஓர் இரவில் காரியத்தை முடிக்க முடியாது. இவ்வளவு இருந்தும் நம் கோயில்களில் பல இன்னும் கூட்டங்களில் "சட்டவிரோதக் கட்டடம்" என்று ஏசப்படுகின்றன. ஊரே பார்க்க மூன்று தலைமுறையாகத் தீமிதி நடக்கும் இடம் எப்படிச் சட்டவிரோதமாயிற்று? அதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியவர்கள் தூங்கியதால் ஆயிற்று.

அறிவிப்புப் பலகைக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலி நிலத்தின் ஓரத்தில் இரண்டு கம்பத்தில் பலகை ஒன்று நிற்கும். திட்ட அனுமதி எண், நிலத்தின் லாட் எண், கம்பெனிப் பெயர், மாடிகளின் எண்ணிக்கை எல்லாம் மலாயில் பொடி எழுத்தில் இருக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் கண்ணில் படாது, பட்டாலும் புரியாது. பக்கத்தில் லாலாங் வளர்ந்து பாதியை மறைத்திருக்கும். அதைப் பார்த்து விஷயம் தெரிந்துகொள்ளும்போது அனுமதி கொடுத்து முடிந்திருக்கும். சரி, அதற்கு முன்பே அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லையா? இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பக்கத்து நிலத்தாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். ஆனால் எந்தப் பக்கத்து நிலத்தார்? நிலத்தின் உரிமையாளர். நடுவில் சாலையோ வடிகாலோ இருந்தால் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதுவும் அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான். உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்டால் இந்தக் கடிதமும் கட்டாயமில்லை. அந்தத் திட்டத்தின் வரைவைச் சில வாரங்கள் பொதுப் பார்வைக்கு வைக்கிறார்களே, அப்போது சொல்லியிருக்கலாமே என்பார்கள். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எந்தக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்?

வாடகைக்கு இருப்பவர் உரிமையாளர் இல்லை. தோட்டத்து வீட்டில் வாழ்ந்து ஓய்வு பெற்ற பாட்டி உரிமையாளர் இல்லை. அம்மனுக்குக் கிரான் இல்லை, ஆகவே அம்மனுக்கு நோட்டீசும் இல்லை. இந்த ஓட்டையின் வழியாகத்தான் ஊருக்கு ஊர் பொது நிலம் நழுவிப் போகிறது.

கெஜட் செய்தால் மட்டும் எல்லாம் நிலைத்துவிடுமா என்ற கேள்விக்கு மலாக்கா நகரிலேயே பதில் கிடைக்கிறது. காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டியை அறியாத தமிழர் இந்த மாநிலத்தில் இருக்க மாட்டார். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிகம் செய்ய வந்து இங்கேயே குடும்பம் கொண்டு தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா, கும்பிடுவது மாரியம்மனை. போகியன்று முன்னோருக்குப் படையல் போட்டு 'பார்ச்சு' கொண்டாடுவார்கள். பழக்காலத்தில் பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சு உண்டு. வாழையிலையில் சோறும் கறியும் நாசி லெமாக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-இல் தெய்வநாயகம் செட்டி கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் நகரில் நிற்கிறது. அதே தெருவில் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீன ஆலயமும் இருக்கின்றன. இந்தத் தெருவைக் காட்டித்தான் மலாக்கா தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திக் கொள்கிறது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததற்கும் இந்த மக்கள் கூட்டம் ஒரு காரணம்.

கம்போங் செட்டியை 2002-இல் மாநில அரசு பாரம்பரியக் கிராமமாக அறிவித்துக் கெஜட் செய்தது. நல்ல காரியம், அன்று பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். ஆனால் அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? கிராமத்தை ஒட்டிய நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பும் ஓட்டலும் கட்டுவதற்கான திட்டம் வந்தது. தாழ்ந்த ஓட்டு வீடுகளும் கோபுரங்களும் நிற்கும் இடத்தின் தோளில் இருபது மாடிக்கு மேல் தூக்கி வைக்கும் திட்டம். கிராமத்தார் எதிர்த்தார்கள், பத்திரிகைகளிடம் போனார்கள், பதாகை கட்டினார்கள். அவர்கள் கேட்டது அநியாயமான விஷயமா? கெஜட் கிராமத்து வேலியோடு நின்றுவிடுகிறது. வெள்ளம் வேலியோடு நிற்குமா? நிழல் நிற்குமா? பக்கத்து அஸ்திவாரத்துக்குப் பைலிங் அடிக்கும்போது சுவரில் விழும் விரிசல் எல்லை பார்த்தா விழும்? ஒரு கிராமத்தைப் பாரம்பரியம் என்று அறிவித்துவிட்டு அதன் சுற்றுப்புறத்துக்கு எந்த உயர வரம்பும் காப்பு வளையமும் வைக்காமல் விட்டது அரசின் பிழை. அந்தப் பிழையைச் சுட்டிக் காட்டிய குடியிருப்பாளர்களை வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்களாகப் பார்த்தது அதைவிடப் பெரிய பிழை. நூற்றாண்டுகளாக இந்த மண்ணைத் தாங்கியவர்களிடம் உங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் என்ன கட்டலாம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சீன சமூகத்தின் அனுபவம் வேறாக இருந்ததற்குக் காரணம் உண்டு. புக்கிட் சீனா, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட குன்று. 1685-இல் சீனர் தலைவராக இருந்த லீ வெய் கிங் சமூகத்துக்கென்று எழுதிக் கொடுத்த நிலம். 1984-இல், ரஹிம் தம்பி சிக் முதலமைச்சராக இருந்தபோது, அந்தக் குன்றை மேம்படுத்தப் போவதாக மாநில அரசு இறங்கியது. நிலவரி பாக்கி என்று 20 லட்சம் வெள்ளி கேட்டது. சங்கங்கள் திரண்டன, நகர மக்கள் காலையில் குன்றில் ஓடினார்கள், நடந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் அப்போது மலாக்காவின் நாடாளுமன்ற உறுப்பினர், அவரும் இறங்கினார். கடைசியில் அரசு பின்வாங்கியது, குன்று இன்றும் குன்றாக இருக்கிறது. உணர்ச்சி மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. செங் ஹூன் தெங் ஆலயத்துக்கு 1949-இலேயே தனிச் சட்டம் மூலம் அறங்காவலர் அமைப்பு இருந்தது, பத்திரங்கள் கையில் இருந்தன, வழக்குப் போட ஆள் இருந்தது. காகிதம் சரியாக இருந்ததால் குரலுக்குக் கனம் வந்தது.

கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவுக்காகக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, அங்கே அடுக்குமாடிகள் கட்ட மாநகராட்சி கொடுத்த மேம்பாட்டு அனுமதி ரத்தானதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். குடியிருப்பாளர்களுக்குக் கேள்வி கேட்கும் தகுதி உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான செய்தி. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் அந்த வழக்கில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதும் ஒரு பகுதி. தோட்டம் போய் பல பத்தாண்டுகளாக நீள்வீடுகளில் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள், பெரும்பாலும் தமிழர்கள். அவர்களுக்கு வீடு கொடுக்கத்தானே இந்தத் திட்டம் என்று சொல்லித்தான் அடுக்குமாடிகளுக்கு நியாயம் தேடப்பட்டது. ஏழைத் தொழிலாளியின் கூரையை ஒரு பக்கமும் ஊர்ப் பூங்காவை மறுபக்கமும் வைத்துத் தராசு பிடித்தது யார்? அந்த வீட்டை அவர்களுக்குத் தோட்டம் கையகப்படுத்தப்பட்ட அன்றே கொடுத்திருக்க வேண்டும். மலாக்காவில் எந்த மேம்பாட்டாளராவது இதே வாதத்தோடு வந்தால் மாநில ஆட்சிக்குழு ஏமாறக் கூடாது.

பிரச்சினையைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்டு மாரியம்மன் கோயிலில் நடந்ததே சாட்சி. தோட்டக் கோயில், கைமாறிய நிலம், நீதிமன்றம், இரு தரப்பு. கடைசியில் கலவரம் மூண்டு ஒரு தீயணைப்பு வீரரின் உயிர் போனது. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் பத்ரகாளியம்மன் கோயில் விவகாரமும் அதே வேரிலிருந்துதான் முளைத்தது. 2014-இல் மாநகராட்சி நிலத்தை விற்றபோது அங்கே கோயில் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அப்போதே பேசியிருந்தால் பத்தாண்டு கழித்து ஊர் பதறியிருக்காது.

அரசைக் கண்டிக்கும் இந்தப் பத்திரிகை நம்மவர்களை மட்டும் தடவிக் கொடுத்துவிட்டுப் போகாது. கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் வெள்ளி திரட்டும் கோயில் நிர்வாகத்தாரே, கோயில் நிற்கும் லாட்டின் எண் என்னவென்று உங்கள் செயலாளருக்குத் தெரியுமா? நில அலுவலகத்தில் சொற்பக் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு நிலத்தின் பதிவை எடுத்துப் பார்க்கலாம். ராஜகோபுரத்துக்குச் சிற்பி தமிழ்நாட்டிலிருந்து வருகிறார், நிலத்துக்கு அளவையாளர் பக்கத்து ஊரிலிருந்து கூட வருவதில்லை. நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து சங்கப் பதிவிலாகாவுக்கு மாறி மாறிப் புகார் எழுதும்போது நிலத்தை விண்ணப்பிப்பது யார்? பதிவு முடங்கிய சங்கத்தின் பெயரில் எந்த அரசு நிலம் கொடுக்கும்? தொகுதிக்கு ஒரு அரசியல்வாதியைத் தலைமைதாங்க அழைத்து மாலை போடுகிறோம். மேடையில் அவர் கையில் விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவதில்லை. பள்ளி விஷயத்திலும் இதே கதை. நிலம் தனியார் பெயரில் இருப்பதால்தான் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நின்றுபோயின. வாரியக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரி நடவடிக்கைக் குறிப்பாவது இருக்கிறதா?

தோட்டத் துண்டாடல் காலத்தில் அன்றைய ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் நடந்து போன வழியை நாம் மறந்துவிட்டோம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது அவர் வசதி படைத்தவர்களிடம் மட்டும் போகவில்லை. பால் வெட்டும் தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார், நூறு வெள்ளி சேர்ந்ததும் அவரைப் பங்குதாரர் ஆக்கினார். அந்தச் சிறு பணம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டமாக மாறியது. அன்றாடக் கூலியில் நிலம் வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், கோயிலடி நிலத்துக்கு விண்ணப்பிப்பதற்கு நேரமில்லை என்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் மறைமுகமானவை அல்ல. மாநில நில அலுவலகம், தோட்டமாக இருந்து குடியிருப்பாகிய பகுதிகளிலும் இன்னும் தோட்டமாக இருக்கும் பகுதிகளிலும் உள்ள கோயில், தமிழ்ப்பள்ளி, திடல், இடுகாடு ஒவ்வொன்றுக்கும் லாட் எண், உரிமையாளர், நிலை ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் தயாரித்து வெளியிட வேண்டும். பாயா ரும்புட்டில் தொடங்கலாம், ஏனெனில் மாற்றம் வேகமாக நடக்கும் இடம் அது. அந்தப் பட்டியல் முடியும் வரை 124-ஆவது பிரிவின்கீழ் வரும் விண்ணப்பம் எதையும் அங்கே இருக்கும் சமூக நிலத்தைப் பிரித்து ஒதுக்கும் நிபந்தனை இல்லாமல் அனுமதிக்கக் கூடாது. ஒதுக்கும் நிலம் கோயிலும் பள்ளியும் இன்று நிற்கும் இடமாகவே இருக்க வேண்டும். திட்டத்தின் மூலையில் கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் மீந்த முக்கோணத் துண்டைக் காட்டி மாற்று நிலம் என்று சொல்லும் வழக்கம் இன்றோடு நிற்கட்டும். கம்போங் செட்டிக்கு உயர வரம்போடு கூடிய காப்பு வளையம் கெஜட் செய்யப்பட வேண்டும், அதன் எல்லையைக் கிராமத்தாரோடு உட்கார்ந்து வரைய வேண்டும். நகராண்மைக் கழகங்கள் திட்ட அறிவிப்பைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். உரிமையாளருக்கு மட்டும் கொடுக்காமல் சுற்றிலும் வாழும் குடியிருப்பாளர்கள், கோயில் நிர்வாகம், பள்ளி வாரியம் ஆகியோருக்கும் அனுப்ப வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அனுப்பாமல் இருப்பதற்கு அனுமதி ஆகாது.

இந்த ஊர்களில் பொது நிலத்துக்காகப் பேசிய குடியிருப்பாளர்களை அரசியல் ஆட்கள் என்று ஏசியவர்கள், அலுவலகத்தில் இருந்தாலும் சங்கத்தில் இருந்தாலும், அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். மாநில முதலமைச்சர் அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே சமூக நிலங்களின் பட்டியலுக்குக் காலக்கெடு ஒன்றை அறிவிக்க வேண்டும். இந்திய சமூகத்தின் சார்பில் அங்கே அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அந்தக் கேள்வியை எழுத்து மூலம் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே தங்கள் தொகுதிக் கோயில் வாசல்களில் ஒட்ட வேண்டும். கேட்கத் தவறினால் எத்தனை கூட்டத்தொடர்கள் கேட்கப்படாமல் கழிந்தன என்பதை இதே பக்கத்தில் நாங்கள் அச்சிடுவோம்.